வேண்டாத பட்டம்

1960-இல் தந்தையின் மறைவோடு, டோனி பென்னின் மக்களவை இருக்கையும் பறிபோனது. அக்காலப் பிரித்தானியாவில் பிரபுவானவர் மக்களவையில் அமர இயலாதிருந்தது. மரபுவழிப் பட்டத்தைத் துறக்கவும் அன்று சட்டத்தில் வழியில்லை. தந்தை வெட்ஜ்வுட் பென் ஒரு காலத்தில் இந்தியாவுக்கான அமைச்சர்; பின்னர் ஸ்டான்ஸ்கேட் பிரபு. தமையன் மைக்கேல் போர்க்காலத்தில் மாண்டதால், அப்பட்டம் இளையவரைத் தேடி வந்தது.

1961 இடைத்தேர்தலில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தேர்தல் நீதிமன்றமோ, தோற்றவருக்கு இருக்கையை அளித்தது. விந்தை யாதெனில், தோற்றவரும் ஒரு பிரபுப் பட்டத்திற்கு வாரிசே!

பென் ஓயவில்லை. 1963 ஜூலை 31 அன்று துறப்புரிமை சட்டமானது. அன்றே பட்டத்தைத் துறந்தார். ஆகஸ்டில் மக்களவைக்குத் திரும்பினார். 2014-இல் அவர் மறைந்தபின் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனைச் சேர்ந்தது. இரண்டாம் மகன் ஹிலாரி அப்போது மக்களவை உறுப்பினர்.