தன்விவரக் குறிப்பு எத்தனை பக்கம் இருக்கலாம்?

பாசீர் கூடாங் துறைமுகம் 1977-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின்னர், ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் திசை மெல்ல மாறிற்று. அதற்கு முன்பெல்லாம் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வேலை வேண்டுமெனில், தந்தை கிராணியாரிடம் ஒரு சொல் சொன்னாலே போதுமாயிருந்தது. தொழிற்சாலையில் அவ்வாறு நம்மை அறிந்தவர் எவருமிலர். அங்கே நமக்காகப் பேசுவது நாம் எழுதி அனுப்பும் தன்விவரக் குறிப்பு ஒன்றே.

அக்குறிப்பின் நீளம் பற்றிப் பலருக்கும் ஐயம் உண்டு. பள்ளியை முடித்த இளைஞர், பக்கம் கூடினால் மதிப்பும் கூடும் என்றெண்ணி நான்கு தாள்களை நிரப்புகின்றார். இருபது ஆண்டுகள் உழைத்த அவர் தந்தையோ, மூன்றே வரிகளில் முடித்துக்கொள்கின்றார். இருவரும் தத்தம் நிலைக்கு நேர்மாறாக எழுதுகின்றனர்.

எஸ்.பி.எம். தேர்வு எழுதி முதல் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு ஒரு பக்கம் தாராளமாகப் போதும். பெயர், முகவரி, தொலைபேசி எண், பாடவாரியான தேர்ச்சி, பேசவும் எழுதவும் தெரிந்த மொழிகள், பள்ளியில் ஏற்ற பொறுப்புகள் ஆகியவற்றுடன் அது நிறைந்துவிடும். தொடக்கப்பள்ளி ஓட்டப்பந்தயப் பரிசும், உடன்பிறந்தோர் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் விடுமுறை நாட்களில் விடியற்காலையில் எழுந்து பெற்றோருடன் ஒட்டுப்பால் எடுக்கச் சென்றதை வெட்கப்பட்டு மறைக்கலாகாது. முறைமாற்று வேலைக்கு ஆள் தேடும் அதிகாரிக்கு அந்த ஒரு வரி பலவற்றைச் சொல்லும்.

பல்லாண்டு அனுபவமுடையவர் இரண்டு பக்கம் வரை எழுதலாம். 'தோட்டத்தில் வேலை, 20 ஆண்டு' என்று எழுதுவது, தம் உழைப்பைத் தாமே குறைத்து மதிப்பிடுவதாகும். பால் நிலையத்தில் பணிபுரிந்தவரை எடுத்துக்கொள்வோம். பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்த்திருக்கின்றார். உலர் ரப்பரின் விழுக்காட்டைக் கணக்கிட்டிருக்கின்றார். போர்மிக் அமிலத்தை உரிய அளவில் கலந்து பாலை உறைய வைத்திருக்கின்றார். இரசாயனப் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைக்கு இவையனைத்தும் வேண்டிய அனுபவமன்றோ? அவ்வாறே, முப்பது பேருக்குப் பிரட்டு எடுத்து, வேலை பிரித்துக் கொடுத்து, அன்றாட எடையைப் பதிந்த மண்டோர் ஒரு மேற்பார்வையாளரே. எத்தனை பேர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எண்ணிக்கையுடன் அதை எழுத வேண்டும். அண்மைய வேலை முதலில் வரட்டும். மிகப் பழைய வேலைகளுக்கு ஆளுக்கொரு வரி போதும். நோயுற்ற தாயைப் பேணச் சில காலம் வேலையை விட்டிருந்தால், அதையும் ஒரு வரியில் ஒளிவின்றிச் சொல்லிவிடுதல் நன்று.

எல்லாச் சான்றுகளையும் குறிப்போடு இணைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். அவற்றுக்குரிய இடம் வேறு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை, வேலையில் பெற்ற தேர்ச்சியைச் சான்றுகளுடன் நிறுவியும் பெற இயலும். தோட்டப் பட்டறையில் டிராக்டர் பழுதுபார்த்தே கைதேர்ந்தவருக்கு இது அரியதொரு வாய்ப்பு. அதற்காகத் தொகுக்கும் சான்றுக் கோப்பு எத்துணைத் தடிப்பாயினும் தகும்; மதிப்பீட்டாளர் அதை முழுவதும் பார்ப்பார். சான்றிதழ் கைக்கு வந்தபின், அக்கோப்பு முழுவதும் தன்விவரக் குறிப்பில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

பக்கக் கணக்கே பொருந்தாத பணியும் உண்டு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விரும்புவோர், தம் ஆய்வுக் கட்டுரைகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டியிருக்கும். அங்கே பத்துப் பக்கமும் மிகையன்று. நம் பிள்ளைகள் அந்நிலைக்கு வரும்போது அவ்வாறே எழுதட்டும்.

எதை முன்வைப்பது என்பதற்குப் பழைய சான்று ஒன்றுண்டு. 1482-ஆம் ஆண்டையொட்டி, லியோனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளரிடம் பணி வேண்டிக் கடிதம் ஒன்று வரைந்தார். தூக்கிச் செல்லத்தக்க பாலம், பீரங்கி, போர் வண்டி எனத் தம் திறன்களை எண்ணிட்டு அடுக்கினார். உலகம் இன்று போற்றும் ஓவியக் கலையைக் கடைசியிலேதான் குறிப்பிட்டார். போர்க்காலத்து ஆட்சியாளருக்கு முதலில் வேண்டியது எதுவென்று அவர் அறிந்திருந்தார்.

அரசாங்கப் பணியை நாடுவோர், பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். தனியார் வேலைக்குச் சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். எந்தத் தளமாயினும், வங்கிக் கணக்கு எண்ணைத் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டா. வேலை உறுதியானபின், சம்பளப் பிரிவினர் கேட்கும்போது கொடுத்தால் போதும்.