பதிவேற்றம் நடக்கும்போது பக்கம் ஏன் திறப்பதில்லை?

ஆண்டு விழாக் காணொலியை வீட்டுக் கணினியிலிருந்து கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குகிறோம். அடுத்த அறையில் பிள்ளை திறந்த பாடப்பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம். பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடியதுதான்.

முதலில் அலகு. இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 200 மெகாபைட் காணொலி என்பது 1600 மெகாபிட். பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. அது விநாடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால், காணொலி ஏற 800 விநாடி, அதாவது 13 நிமிடம் 20 விநாடி ஆகும்.

இங்கே என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "பக்கம் இறங்குறதுதானே சார்? ஏத்துறது வேற வழிதானே?" நல்ல கேள்வி. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைச் சொல்லி விளக்கினேன். இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. நம் கணினி அவற்றைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்புபவர் ஓரளவுதான் முன்கூட்டி அனுப்புவார். ஒப்புகை வந்தால்தான் மேற்கொண்டு வரும். அந்த ஒப்புகை போகும் வழிதான் பதிவேற்ற வழி. அங்கே காணொலி வரிசை கட்டி நிற்கிறது.

எவ்வளவு நீள வரிசை? ரௌட்டரில் 256 கிலோபைட் காத்திருக்க இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 256 × 8 = 2048 கிலோபிட். 2 மெகாபிட் வழியில் இது வெளியேற ஏறத்தாழ 1 விநாடி. ஒரு பக்கம் திறக்கத் தொடங்குமுன் முகவரி கேட்க, இணைப்பு ஏற்படுத்த, பாதுகாப்பை உறுதிசெய்ய என்று சிலமுறை போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் 1 விநாடி தாமதம்.

பதிவேற்றத்தை முழு வேகத்தில் ஓடவிடாமல், சுமார் 80 விழுக்காட்டில் நிறுத்தினால் ரௌட்டரில் வரிசை சேராது. 1.6 மெகாபிட்டில் அதே காணொலி ஏற 1000 விநாடி. நாம் இழப்பது 3 நிமிடம் 20 விநாடி மட்டுமே. பிள்ளையின் பாடத்துக்கு இதைக் கொடுக்கலாம்!

டிரைவின் கணினிச் செயலி அமைப்புகளில் இந்த வரம்பை இடலாம். அங்கே அலகு கிலோபைட் என்பதைக் கவனிக்கவும்: 1.6 மெகாபிட் என்பது 200 கிலோபைட். 1600 என்று இட்டால் வரம்பே இல்லாதது போல்தான். டொரண்ட் செயலிகளிலும் பதிவேற்ற வரம்பு உண்டு. அவை இறக்கும்போதே பிறருக்கும் ஏற்றிக்கொண்டிருப்பதால் அது அவசியம். வீட்டில் நாலு கைப்பேசிகள் தாமாகவே படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் ஒன்றில் மட்டும் வரம்பிட்டுப் பயனில்லை. ரௌட்டரிலேயே முன்னுரிமை அமைக்கும் வசதி இருந்தால் அதுவே மேல். எல்லா ரௌட்டரிலும் அது இருப்பதில்லை. இல்லாதவர்கள் படக் காப்பை நிறுத்திவைத்துவிட்டு, எல்லோரும் படுத்தபின் ஓடவிடலாம்.

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இதை ஒரு பாடவேளைச் செய்முறையாக்கலாம். ஒரு கணினியில் 'பிங்' கட்டளையை ஓடவிட்டு, போய்வரும் நேரத்தை மாணவர்கள் குறிக்கட்டும். முதலில் எந்தப் பதிவேற்றமும் இல்லாமல். பிறகு வேறொரு கணினியில் பெரிய கோப்பு ஏறும்போது. கடைசியாக அதற்கு வரம்பிட்டபின். ஒவ்வொன்றிலும் 20 அளவீடுகள் எடுத்து, சராசரி கண்டு, ஒரே வரைபடத்தாளில் வரையச் சொல்லலாம். சராசரியோடு மிகப்பெரிய மதிப்பையும் குறிக்கச் செய்யுங்கள். பக்கம் நின்று நின்று திறப்பதற்கான காரணம் அதில்தான் தெரியும்.

எதுவும் ஏறாதபோதே நேரம் அதிகமாகக் காட்டினால் பதிவேற்றத்தின் மேல் பழி போட முடியாது. ரௌட்டருக்கு அருகில் கொண்டுபோய், முடிந்தால் கம்பியில் இணைத்து, மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையவில்லையென்றால் அளவீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இணைப்பு தந்தவரை அழைக்கலாம்.