புல் அறுக்கிறவர்களின் மலை

அன்புள்ள கயல்,

ஜூலையில் சுவிட்சர்லாந்து போகும்போது மூரெனில் தங்கப்போவதாக எழுதியிருந்தாய். எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தாய். 1,638 மீட்டர் உயரத்தில், லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிற ஊர் அது. எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் நிற்கும். படத்துக்குப் பஞ்சமே இருக்காது. நீ காலடியையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பச்சைச் சரிவுகள் தானாக உண்டானவை அல்ல. அந்த வட்டாரத்தில் மூரெனைவிட உயரமான இடங்களிலும் மரம் வளர்கிறது. விட்டுவிட்டால் ஊரைச் சுற்றிக் காடுதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டி, மாடு மேய்த்து, புல் அறுத்துத்தான் அதைப் புல்வெளியாக வைத்திருக்கிறார்கள். அறுப்பதை நிறுத்தினால் முதலில் புதர் ஏறும், பின்னாலேயே மரக்கன்றுகள் வரும். நீ படம் எடுக்க நினைக்கிற பூக்கள் அப்போது இருக்காது.

கோடையில் மாடுகள் மேலே மேய்ச்சலுக்குப் போய்விடும். அங்கேயே பால் கறந்து அங்கேயே சீஸ் செய்வார்கள். ஊரை ஒட்டிய புல் குளிர்காலத் தீவனம். பனி மூடும் மாதங்களுக்கு வேண்டியதையெல்லாம் இந்தச் சின்னக் கோடைக்குள் அறுத்து, காயவைத்து, பரணில் ஏற்றியாக வேண்டும். செங்குத்துச் சரிவில் டிராக்டர் ஏறாது. பல இடங்களில் நீளக் காம்பு போட்ட அரிவாளை வீசித்தான் அறுக்க வேண்டும், கையால்தான் வாரிச் சேர்க்க வேண்டும். காயப்போட்ட புல் மழையில் நனைந்தால் பாடெல்லாம் வீண். இந்த உழைப்பால் நிலக்காட்சியும் காப்பாற்றப்படுகிறது என்பதை அந்த நாட்டு மக்கள் 1996-இல் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சரிவில் விவசாயம் செய்கிறவர்களுக்கு அரசு பணமும் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதனால் அறுக்காத புல்லுக்குள் படத்துக்காகக்கூட இறங்காதே. மிதிபட்டுச் சாய்ந்த புல்லில் அரிவாள் சரியாகப் பாயாது. வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடு. கன்றோடு நிற்கிற பசுவைக் கண்டால் விலகிப் போ.

முதல் நாள் க்ரூட்ஷ்ஆல்ப்பிலிருந்து மூரெனுக்கு நட. 1891-இல் போட்ட சிறிய ரயில் பாதையை ஒட்டியே வழி போகும், பெரிய ஏற்றம் கிடையாது. நடுவில் வின்டரெக்கில் சீஸ் செய்கிற இடம் இருக்கிறது. மறுநாள் கிம்மல்வால்டுக்கு இறங்கு. மூரெனைவிடச் சிறிய ஊர், இன்னமும் விவசாயிகளின் ஊர். வீட்டு வாசலில் அடுக்கிய விறகும் தொழுவ வாசனையுமாக இருக்கும். அங்கே அவசரப்படாதே. எதிரே வருகிறவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லு, அங்கே அது வழக்கம்.

மஞ்சள் பலகைகளில் தூரம் இருக்காது, நடக்கும் நேரம்தான் இருக்கும். ஓய்வு நேரம் அந்தக் கணக்கில் சேராது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டது மலைப்பாதை, நல்ல காலணி இருந்தால் போகலாம். வெள்ளை-நீலம்-வெள்ளையாக இருந்தால் திரும்பிவிடு. அது பழகியவர்களுக்கானது.

பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ள முடியுமா என்று அப்பாவிடம் கேட்டுப் பார். அந்த மாதம்தான் துன் ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டாலில், கோடை முழுக்கச் செய்த சீஸை, மாடுகள் கொடுத்த பாலின் கணக்குப்படி உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
சித்தப்பா