அரசின் கை எதுவரை நீளலாம்?

"ஒருவர் தம் சொந்தக் காசில் குடிப்பதைத் தடுக்க அரசு யார்?" குடிமையியல் வகுப்பில் தோழி ஒருத்தி கேட்ட இக்கேள்விக்கு மூதறிஞர் இராஜாஜியின் வாழ்வில் விடை தேடினேன்.

1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்று அரசு மக்களின் தொழிலைக் கட்டிப்போடலாகாது என வாதிட்டார். அவரே 1937-இல், சென்னை மாகாணப் பிரதமராக, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-இல் தமிழக அரசு அதைத் தளர்த்த முனைந்தபோது, 92 வயதில், மழையில் முதலமைச்சர் கலைஞரின் இல்லம் சென்று, வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்.

இது முரண்பாடா? தனிமனித உரிமையே பெரிதென்போர், "ஆம், வணிகத்தில் தலையிடக் கூடாத அரசு வீட்டிலும் தலையிடக் கூடாது" என்பர். மரபைப் போற்றுவோர், "ஒழுக்கம் குலைந்தால் உரிமையும் நிலைக்காது" என்பர். நம் அரசியலமைப்பில் 19ஆம் பிரிவு தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. 47ஆம் பிரிவு மதுவிலக்குக்கு முயலுமாறு அரசுக்குச் சொல்கிறது. 1951-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது; ஆனால் மது கலந்த மருந்துகளையும் தடுத்த பகுதி செல்லாது என்றது.

இன்றோ, 2003 முதல், தமிழக அரசின் நிறுவனமே மதுக்கடைகளை நடத்துகிறது. இதை இருதரப்பாருமே ஏற்கமாட்டார்கள்!

எங்கள் கடற்கரையில், வலை நிறைய மீன் வந்த நாளிலும் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. ஒருவரின் விருப்பம் பிள்ளைகளின் சோற்றுத் தட்டில் கைவைக்கும் இடத்தில் அரசு தடுக்கலாம். அதற்கு அப்பால் மனச்சாட்சியே காவல். இதுவே நான் என் தோழிக்குத் தரும் விடை.

— பத்தாம் வகுப்பு மாணவி