பெட்டியை விற்றவர் பெயர் புத்தகத்தில் நிற்கலாமா?

காணி விற்பதென்றால் நொத்தாரிசு முன் உறுதி எழுதவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் வந்த காலம் முதல் அதுவே முறை. ரக்ரர் பெட்டி விற்கும்போதோ, காசை எண்ணி வாங்கியதும் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஊரில் பெட்டியை விட்டுவிட்டு முகத்துவாரத்தில் வாடகை அறையில் இருப்பவருக்கு இது பெரிய ஆபத்து. பெட்டி எங்கே ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பெட்டியைத் தனி வாகனமாகவே பதிகிறது. ஆகவே ரக்ரரின் புத்தகம் பெட்டிக்கு உதவாது.

வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதாத படிவத்தில் ஒப்பம் கேட்பார்கள். 'ஓப்பின் பேப்பர்' என்பது இதுதான். தரகருக்கு வசதி, விற்பவருக்கு வில்லங்கம். நாலு கை மாறியபின் அந்தப் பெட்டி அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றிப் பிடிபட்டால், பொலிசார் முதலில் தேடுவது புத்தகத்திலுள்ள பெயரைத்தான். கொழும்பிலிருந்து கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு எத்தனை தவணை போய்வருவது? வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள படிவத்திலும் ஒப்பமிடாதீர்கள்.

எம்.ரீ.ஏ. 6 படிவத்தை இருவரும் முழுமையாக நிரப்பி ஒப்பமிட வேண்டும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் பெயரை மாற்றவேண்டும். அவர் மாற்றுவார் என்று காத்திராமல், விற்றவர் எம்.ரீ.ஏ. 8 படிவத்தை நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் உடனே அனுப்புவது நல்லது. தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இவற்றோடு கையெழுத்தில் ஒரு விற்பனைக் கடிதமும் வேண்டும். இப்படி எழுதலாம்:

"......... இலக்கமுடைய, ......... அடிச்சட்ட இலக்கம் கொண்ட பெட்டியை ......... ரூபா முழுவதும் பெற்றுக்கொண்டு, ......... ஆம் திகதி மாலை ......... மணிக்கு, தேசிய அடையாள அட்டை இலக்கம் ......... உடைய ......... என்பவரிடம் ஒப்படைத்தேன்."

மணி எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். அன்றிரவே விபத்து நடந்தால் அந்த மணிதான் சாட்சி. தவணைக் காசென்றால் மிகுதித் தொகையையும் கொடுக்கும் திகதியையும் எழுதுங்கள். பிற்காலத்தில் தேடிப் பிடிக்கக்கூடிய இருவர் சாட்சி வைக்கட்டும்.

பெட்டிக்கு இயந்திரம் இல்லாதபடியால் அடிச்சட்ட இலக்கமே அதன் அடையாளம். துருவைச் சுரண்டி, மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் பதியும். அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டபின் வாங்குபவர் காசைக் கொடுக்கட்டும். பட்டறையில் செய்த, பதிவில்லாத பெட்டியென்றால் நீளம், அகலம், அச்சு, சில்லு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் கடிதத்தில் வரவேண்டும். அப்படி எழுதினாலும் அது பதிவாகிவிடாது. வீதியில் ஓட்டும் பிரச்சினை வாங்குபவர் தலையில்தான்.

புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியுடன் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும்வரை முற்பணம் வாங்கவேண்டாம்.

2009இல் வன்னியில் பெட்டிகளோடு கடதாசிகளையும் விட்டு ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே கடிதத்தின் போட்டோப் பிரதி ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள்.