மின் மீட்டரும் அதன் அளவும்

நெல் அளக்கும் மரக்காலில் சர்க்கார் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நம் கிராமத்தாரின் பழைய வழக்கம். மின்சாரத்தை அளக்கும் கருவியோ வீட்டுச் சுவரிலேயே இருந்தும், அதை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே. பில் தொகை மிகுந்தால் "மீட்டர் ஓடுகிறது" என்று திண்ணையில் பேசுவதோடு பலரும் நின்றுவிடுகின்றனர்.

இந்தச் சந்தேகம் மின்சாரத்தோடு பிறந்தது. 1880களில் அமெரிக்காவில் எடிசன் அமைத்த மீட்டரில் துத்தநாகத் தகடுகள் இருந்தன. அவற்றைக் கழற்றிச் சென்று எடை போட்டே கட்டணம் விதித்தனர். வீட்டுக்காரர் தாமாக அளவைப் படிக்க வழியில்லை. இன்று எண்ணும் தெரிகிறது, அளவைச் சோதிக்கச் சட்டமும் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 55-ஆம் பிரிவில், சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்கவேண்டும் என்று விதிக்கிறது.

மீட்டரின் மீது ஐயம் எழுந்தால் முதலில் நாமே ஒரு கணக்குப் பார்க்கலாம். 100 வாட் இழை பல்பு ஒன்று 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் ஆகும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். மற்ற யாவற்றையும் நிறுத்தி அந்தப் பல்பை மட்டும் எரியவிட்டால், மீட்டரின் சிறு சிவப்பு விளக்கு 15 நிமிடத்தில் ஏறக்குறைய 80 முறை மின்னவேண்டும். மின் அழுத்தம் ஏறி இறங்குவதால் 70 அல்லது 90 வருவது குற்றமன்று. 130, 150 என்று வருமாயின் புகார் செய்யக் காரணம் உண்டு.

பல்பையும் அணைத்த பின்னர் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் மெயின் சுவிட்சையும் நிறுத்திப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால், பழுது பெரும்பாலும் மீட்டரில் இல்லை. வீட்டு ஒயரிங்கில் மின்சாரம் கசிகிறது எனலாம். மழைக்காலத்தில் ஈரச் சுவரிலும், கிணற்றடி மோட்டாரிலும் உயிரைக் கொள்வது இந்தக் கசிவே. பில்லைப் பற்றிய வாதத்தை ஒத்திவைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அன்றே அழைக்கவேண்டும். மெயினை நிறுத்திய பிறகும் மின்னுமானால், மீட்டரையோ அதற்கும் மெயினுக்கும் இடையிலுள்ள கம்பியையோ இலாகாவினர் சோதித்தாக வேண்டும்.

புகாரை எழுத்து மூலம் கொடுத்துப் பதிவு எண் பெறுக. மத்திய சர்க்கார் 2020-இல் வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் பெற்ற 30 நாட்களுக்குள் மீட்டரைச் சோதிக்கவேண்டும். புகார் தரும்போது சோதனைக் கட்டணம் கேட்கக்கூடாது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் பயனுள்ளது. மீட்டரின் அளவு செலவுக்கு ஒவ்வாதது என்று புகார் வந்தால், 5 நாட்களுக்குள் இன்னொரு மீட்டரையும் பொருத்தி, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிடவேண்டும். சர்க்கார் அளவையைச் சர்க்கார் அளவையாலேயே சரிபார்க்கும் இந்த ஏற்பாட்டை விவசாயிகள் கேட்டுப் பெறவேண்டும்.

திருக்கனூர்ப் பகுதியினர் மற்றொன்றையும் அறியவேண்டும். மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த இவ்வூருக்கு அண்டையிலேயே விழுப்புரம் மாவட்டக் கிராமங்கள் உள்ளன. உறவினர் அங்கிருப்பார், நிலமும் அங்கே இருக்கக்கூடும். அங்குள்ள இணைப்புக்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் பொருந்தும். புதுச்சேரி இணைப்புக்கோ, கோவா மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிகள் சிலவற்றுக்கும் பொதுவான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளே பொருந்தும். மின்துறை அலுவலகத்தில் பரிகாரம் கிட்டாவிடில் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன் தீர்ப்பும் திருப்தி தராவிடில் மின் குறைதீர்ப்பாளருக்கும் செல்லலாம். எழுதத் தெரியாதவருக்கு இம்மனுக்களை எழுதிக்கொடுப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஏற்கத்தக்க வேலை.

சோதனை முடியும்வரை மீட்டரின் முத்திரையைத் தொடலாகாது. அது அறுந்திருக்கக் கண்டால் அதையும் புகாரில் எழுதிவிடவேண்டும். பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் பழி வீட்டுக்காரர் மேல் விழக்கூடும்.