நன்னூல் கூறும் குற்றங்களும் பொறிகளை ஆளும் நிரல்களும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எண்ணிக் காட்டினார். ஆலைப் பொறிகளை ஆளும் கணினி நிரல்களிலும் அவற்றுட் சில காணக் கிடக்கின்றன.

மயிலாடும்பாறையில் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டியைக் கொள்வோம். அதன் மோட்டாரை இயக்கும் பி.எல்.சி. கருவி, நிரலை மேலிருந்து கீழாகப் படித்து முடித்த பின்னரே ஆணையை வெளியிடும். ‘தொட்டி நிறைந்தால் நிறுத்துக’ என மேலே ஒருவரும், ‘மின்சாரம் இருந்தால் ஓட்டுக’ எனக் கீழே மற்றொருவரும் எழுதிவிட்டால், பின்னதே வெல்லும், தொட்டி வழியும். இது மாறுகொளக் கூறல். ஒரே பகுதியைப் பத்து மோட்டார்களுக்கும் படியெடுத்து ஒட்டுவது கூறியது கூறல். பிழை கண்டபின் ஒன்பதைத் திருத்துவர், பத்தாவதை மறப்பர்.

சிறு குற்றம்போல் தோன்றுவது நின்று பயனின்மை. ஏரியேன்-4 ராக்கெட்டுக்கு எழுதிய ஒரு பகுதி, ஏரியேன்-5இல் புறப்பாட்டிற்குப் பின் யாதொரு பயனுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. 1996 ஜூன் 4 அன்று அதன் கணக்கு அளவு மீறவே, ஏறத்தாழ 40 வினாடிகளில் ராக்கெட் வானிலேயே சிதறிற்று.

இவற்றைக் கண்டறியப் பொறியை ஓட்ட வேண்டுவதில்லை. ஓர் ஆணை எத்தனை இடங்களில் எழுதப்பட்டுள்ளது, எப்பகுதி பயனற்றுக் கிடக்கிறது என நிரலை வாசித்தே கூறும் மென்பொருள்கள் உள. மயங்கவைத்தல்தான் அவற்றிற்கு எளிதில் அகப்படுவதில்லை. ‘மோ-3’ என்பது கிணற்று மோட்டாரா, வைகையாற்று மோட்டாரா என்பதை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.